ராமன் சிக்னலைப் பெருக்கும் பிளாஸ்மானிக் மெட்டாமெட்டீரியல் பரப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது எதைப் பற்றியது?

ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியை அடித்தால் சிதறி வரும் ஒளியில் மிகச் சிறிய பகுதி மட்டும் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து அந்த மூலக்கூறு எப்படி எப்படி அதிர்கிறது என்று கண்டுபிடிக்கலாம், அதிலிருந்து அது என்ன பொருள் என்றும் சொல்லிவிடலாம். இதுதான் ராமன் சிதறல். அந்த ஒளி பரிதாபமாக மங்கலானது என்பதுதான் தொல்லை. தங்கத்திலோ வெள்ளியிலோ நானோ அளவு வடிவங்களை வரிசையாக அமைத்து (தலைப்பில் உள்ள பிளாஸ்மானிக் மெட்டாமெட்டீரியல் பரப்பு இதுதான்), அதன் மேல் மூலக்கூறை உட்காரவைத்தால் சிக்னல் லட்சக்கணக்கான மடங்கு கூடும், சில இடங்களில் கோடிக்கணக்கான மடங்கு. பரப்பால் பெருக்கப்பட்ட இந்த ராமன் சிதறலைத் துறையில் செர்ஸ் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

எத்தனை மடங்கு கூடும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்டால் போதும் என்பது என் கட்சி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, பரப்பில் இங்கே ஒரு மதிப்பு வந்தால் பக்கத்தில் நகர்த்தி அளந்தாலும் அதே மதிப்பு வருமா என்பது.

ராமன் சிதறல் ஏன் இவ்வளவு மங்கல்?

சிதறும் ஒளியில் பெரும்பகுதி நிறம் மாறாமல்தான் வரும். அதோடு ஒப்பிட்டால் ராமன் ஒளி பத்து லட்சத்தில் ஒன்றிலிருந்து பத்துக் கோடியில் ஒன்று வரை. வேறு விதமாகச் சொன்னால், ஒரு சாதாரண மூலக்கூறின் ராமன் குறுக்குவெட்டுப் பரப்பு (ஒளி அதில் பட்டுச் சிதற எவ்வளவு வாய்ப்பு என்பதன் அளவு) 10⁻³⁰ சதுர செ.மீ. என்ற கணக்கில் இருக்கும், நன்றாக ஒளிரும் ஒரு சாயத்தின் ஃப்ளூரசன்ஸ் குறுக்குவெட்டு 10⁻¹⁶ சதுர செ.மீ. அளவுக்கு வரும். நடுவில் பதினான்கு சைபர்.

இவ்வளவு மங்கலான ஒன்றை 1928-இல் லேசர் இல்லாமலே கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியம்தான். கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் செய்த வேலை அது, ஒருவர் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர், மற்றவர் வத்திராயிருப்புக்காரர். சூரிய ஒளியைத் தொலைநோக்கி லென்ஸால் குவித்து, ஒன்றின் ஒளியை மற்றது விடாத இரண்டு வடிகட்டிகளை முன்னும் பின்னும் வைத்து, அப்படியும் ஏதோ ஒரு வெளிச்சம் தப்பி வருகிறது என்று கண்ணாலேயே பார்த்தார்கள், பிறகுதான் பாதரச விளக்கும் நிறமாலைமானியும் வந்தன. அவர்களால் முடிந்ததற்குக் காரணம், குடுவை நிறையத் திரவம் இருந்தது. நாம் இன்று அளப்பதோ ஒரு பரப்பின் மேல் ஒற்றை அடுக்கு மூலக்கூறுகளை, சில சமயம் அதுவும் இல்லை.

உலோகம் இதில் என்ன செய்கிறது?

உலோகத்துக்குள் கட்டுப்பாடில்லாமல் திரியும் எலக்ட்ரான்கள் உண்டு. ஒளியின் மின்புலம் வந்து மோதும்போது அவை ஒட்டுமொத்தமாக முன்னும் பின்னும் ஊசலாடும். துகளின் அளவு, வடிவம், உலோகம், சுற்றியுள்ள ஊடகம் இவற்றைப் பொறுத்து குறிப்பிட்ட ஒரு அலைநீளத்தில் அந்த ஊசலாட்டம் உச்சத்துக்குப் போகும். இதுதான் பிளாஸ்மான் ஒத்ததிர்வு. தண்ணீரில் மிதக்கும் சிறு தங்க உருண்டைக்கு அது 520 நானோமீட்டர் பக்கம், வெள்ளிக்கு 400 பக்கம். அந்த நேரத்தில் உலோகத்தை ஒட்டிய இடத்தில் மின்புலம், வந்த ஒளியின் புலத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்.

இதில் அழகான விஷயம் ஒன்று உண்டு. லாபம் இரண்டு முறை கிடைக்கிறது. உள்ளே வரும் லேசர் ஒளியின் புலம் 10 மடங்கு கூடினால் செறிவு 100 மடங்கு கூடும், ஏனென்றால் செறிவு புலத்தின் வர்க்கம். மூலக்கூறு சிதறவிடும் ராமன் ஒளியும் அதே உலோகத்தின் வழியாகத்தான் வெளியே போகிறது, அதற்கும் 100 மடங்கு. மொத்தம் 10,000. புலம் 30 மடங்கு என்றால் எட்டு லட்சத்தைத் தாண்டும், 100 மடங்கு என்றால் பத்துக் கோடி. அதாவது தோராயமாகப் புலத்தின் நான்காம் அடுக்கு.

இதற்கு மேல் வேதிப் பெருக்கம் என்று ஒன்று இருக்கிறது. மூலக்கூறு உலோகத்தோடு பிணைந்து எலக்ட்ரான் பரிமாறிக்கொள்வதால் வருவது, பத்து முதல் ஆயிரம் மடங்கு வரை. மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும், வடிவமைத்துச் சரிசெய்யவும் முடியாது, ஆகவே இங்கே அதை அதிகம் பேசப்போவதில்லை.

மூலக்கூறு உலோகத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?

தொட வேண்டியதில்லை, ஆனால் தள்ளியும் இருக்கக் கூடாது. 20 நானோமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்றால், பரப்பிலிருந்து 5 நானோமீட்டர் தள்ளிப் போனாலே பெருக்கம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். குறுகிய இடைவெளிகளில் இன்னும் வேகமாக விழும். கரைசலில் எங்கோ நீந்திக்கொண்டிருக்கும் மூலக்கூறுக்கு இந்தப் பரப்பால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

இதை யார், எப்போது கண்டுபிடித்தார்கள்?

1974-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃப்ளெய்ஷ்மன், ஹென்ட்ரா, மெக்வில்லன் மூவரும் வெள்ளி மின்முனையின் மேல் பிரிடின் என்ற கரிமச் சேர்மத்தை ஒட்டவைத்து ராமன் சிக்னல் எடுத்தார்கள். அதிக மூலக்கூறுகள் ஒட்டட்டும் என்று வெள்ளியை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கியிருந்தார்கள், வலுவான சிக்னலுக்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள். (பிற்பாடு 1989-இல் குளிர் அணுக்கருப் பிணைவு சர்ச்சையில் அடிபட்ட ஃப்ளெய்ஷ்மனும் இவரும் ஒருவர்தான்.) 1977-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்னில் ஜீன்மேரும் வான் டைனும், இங்கிலாந்தின் கென்ட்டில் ஆல்பிரெக்ட்டும் கிரைட்டனும், தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, பரப்பளவு கூடியது மட்டுமே காரணம் என்றால் இந்தக் கணக்கு உதைக்கிறது, ஒவ்வொரு மூலக்கூறும் லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு அதிகமாகச் சிதறவிடுகிறது என்றார்கள். அடுத்த ஆண்டே மாஸ்கோவிட்ஸ் பிளாஸ்மான்தான் காரணம் என்ற யோசனையை வைத்தார்.

சொரசொரப்பான வெள்ளியே போதுமே, மெட்டாமெட்டீரியல் எதற்கு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது.

சொரசொரப்பான பரப்பில் பெருக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டு வெள்ளித் துகள்கள் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்கில் புலம் எகிறும், பக்கத்தில் ஒன்றும் இருக்காது. எகிறும் இடத்தை ஹாட் ஸ்பாட் என்பார்கள். 2008-இல் டிளாட் குழுவினர் நானோ உருண்டைகள் மேல் பூசிய வெள்ளிப் படலத்தில் இதை அளந்து பார்த்தார்கள். 10⁹ மடங்குக்கு மேல் பெருக்கும் இடங்களில் இருந்தவை பத்து லட்சம் மூலக்கூறுகளில் 63 மட்டும், ஆனால் மொத்த சிக்னலில் 24 சதவீதம் அந்த 63-இலிருந்து வந்தது. பத்து லட்சம் பேர் வாழும் ஊரில் 63 பேர் கையில் ஊர்ச் சொத்தில் கால் பங்கு இருப்பது போல. அந்த ஊரின் சராசரி வருமானத்தை வைத்து யாருடைய நிலைமையையும் சொல்ல முடியாது அல்லவா?

அளவீட்டுக்கு இது நரகம். லேசரை இரண்டு மைக்ரான் நகர்த்தினால் சிக்னல் பாதியாகும், இல்லை மூன்று மடங்காகும். இன்று ஒரு சில்லில் வந்த எண் நாளைக்கு வேறு சில்லில் வராது. ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம், எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

மெட்டாமெட்டீரியல் பரப்பில் ஹாட் ஸ்பாட்டுகளைத் தற்செயலுக்கு விடாமல் நாமே வரைந்து வைக்கிறோம். ஒரே வடிவம், ஒரே இடைவெளி, திரும்பத் திரும்ப. 785 நானோமீட்டர் லேசரை 0.5 என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைக் குவிக்கும் என்பதன் அளவு) லென்ஸால் குவித்தால் புள்ளியின் விட்டம் சுமார் 1.9 மைக்ரான் வரும். அலகுகள் 400 நானோமீட்டருக்கு ஒன்று என்றால் அந்தப் புள்ளிக்குள் பதினேழு பதினெட்டு அலகுகள் விழும். எங்கே நகர்த்தினாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை, ஆகவே ஏறக்குறைய அதே சிக்னல். உச்சப் பெருக்கம் சொரசொரப்பான வெள்ளியின் மிகச் சிறந்த இடுக்கைவிடக் குறைவாகவே இருக்கலாம். இருக்கட்டுமே.

இரண்டாவது லாபம், ஒத்ததிர்வை எந்த அலைநீளத்தில் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. மூன்றாவது, சிதறும் ராமன் ஒளி கண்டபடி போகாமல் லென்ஸ் இருக்கும் திசையில் அதிகமாகப் போகும்படி வரிசையை அமைக்கலாம், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இதை மெட்டாமெட்டீரியல் என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா?

சில சமயம் அதிகம்தான். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய அலகுகளை அடுக்கி, மூலப்பொருளிடம் இல்லாத ஒளியியல் குணத்தை வரவழைப்பதுதான் மெட்டாமெட்டீரியல். எதிர்மறை ஒளிவிலகல், கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் போர்வை என்று செய்தித்தாளில் வந்தவை எல்லாம் அந்தக் குடும்பத்தின் பிரபலமான பிள்ளைகள், நமக்கு அவை வேண்டாம். 1999-இல் பென்ட்ரி குழு முன்வைத்த பிளவு வளையம் இந்தத் துறைக்கு நேரடியாக வந்தது, அதோடு ஒளியை முழுசாக விழுங்கும் பரப்புகளும். அலகுகளின் இடைவெளி அலைநீளத்துக்குச் சமமாக இருக்கும் வரிசைகளைக் கறாராகப் பார்த்தால் கிரேட்டிங் (ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கோட்டு வரிசை) என்றுதான் சொல்ல வேண்டும், கட்டுரைகளில் அவற்றையும் மெட்டாசர்ஃபேஸ் என்றே எழுதுகிறார்கள். பெயருக்காகச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை.

என்னென்ன வடிவங்கள் பயன்படுகின்றன?

பிளவு வளையம், அதாவது ஒரு பக்கம் வெட்டுப்பட்ட சின்ன வளையம். மின்புலம் அந்த வெட்டில்தான் குவியும், ஆகவே மூலக்கூறு அங்கே போய்ச் சேர வேண்டும். அகச்சிவப்பில் நன்றாக வேலை செய்யும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குக் கொண்டுவர வளையத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் அலைநீளம் கூடவே இறங்கி வராது.

அடுத்தது உலோகம், மின்கடத்தா அடுக்கு, மீண்டும் உலோகம் என்று மூன்றடுக்கு உறிஞ்சிகள். அடியில் ஒளி ஊடுருவாத தங்கத் தகடு, நடுவில் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை சிலிக்கா அல்லது அலுமினா, மேலே தங்க வட்டுகள். சரியான அலைநீளத்தில் விழும் ஒளி ஏறக்குறைய முழுவதும் உள்ளே போய்விடும், பிரதிபலிப்பே இராது. 2008-இல் லாண்டியும் கூட்டாளிகளும் மைக்ரோ அலையில் செய்துகாட்டிய உறிஞ்சியின் வாரிசுகள் இவை. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் புலம் எங்கே குவிகிறது? நடுவில் இருக்கும் சிலிக்காவுக்குள். உங்கள் மூலக்கூறு அதற்குள் போக முடியாது, வட்டின் விளிம்பில் கசிவதுதான் கிடைக்கும். அதனால் சிலர் வட்டுக்கு அடியில் சிலிக்காவைக் கொஞ்சம் அரித்து இடம் செய்கிறார்கள். உறிஞ்சல் 99 சதவீதம் என்று ஒரு கட்டுரையில் பார்த்தால் உடனே மயங்க வேண்டாம், உறிஞ்சியது உலோகத்தைச் சூடாக்கவும் போகலாம்.

ஃபானோ வகை வரிசைகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. நடுவில் ஒரு வட்டு, சுற்றிலும் ஆறு, இப்படிக் கொத்துக் கொத்தாக. ஒளியோடு நன்றாகப் பேசும் ஒரு அதிர்வும், ஒளியோடு பேசவே பேசாத இன்னொரு அதிர்வும் கலக்கும்போது ஆற்றல் சீக்கிரம் வெளியே கசியாமல் இடுக்குகளில் தங்கும். புலம் கூடும்.

அணிக்கோவை ஒத்ததிர்வு: அலகுகளுக்கு இடையேயான தூரத்தை அலைநீளத்தோடு பொருத்தினால் எல்லாத் துகள்களும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து மிகக் கூர்மையான ஒத்ததிர்வு வரும். இதன் மூதாதை 1902-இல் ஆர். டபிள்யூ. வுட் கிரேட்டிங்குகளில் பார்த்த விசித்திரக் கோடுகள். 1928-இல் ராமனின் கண்டுபிடிப்பைத் தன் ஆய்வகத்தில் சோதித்துச் சரி என்று நேச்சர் இதழுக்குத் தந்தி கொடுத்தவரும் அதே வுட்தான், இரண்டு வேலையும் பிற்பாடு ஒரே சில்லில் வந்து சேரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த வகையில் ஒரு எச்சரிக்கை: ஒத்ததிர்வு ஒளி விழும் கோணத்தைப் பொறுத்தது. 0.9 என்.ஏ. லென்ஸ் 64 டிகிரி வரை எல்லாக் கோணத்திலும் ஒளியைக் கொண்டுவரும், அதில் இந்தக் கூர்மை கரைந்து போய்விடும். இணைக்கற்றையில் அளந்த அழகான வளைகோட்டை நம்பி நுண்ணோக்கிக்கு வந்தால் ஏமாற்றம்தான்.

சிலிக்கான் போன்ற மின்கடத்தாப் பொருளிலேயே செய்யும் பரப்புகளும் உண்டு. பெருக்கம் குறைவு, ஆனால் சூடாகாது.

ஒத்ததிர்வைச் சரியாக லேசர் அலைநீளத்திலேயே வைக்க வேண்டுமா?

வேண்டாம். லேசருக்கும் ராமன் ஒளிக்கும் நடுவில் வையுங்கள், இரண்டுக்கும் லாபம் வேண்டும் என்பதால். கணக்கு எளிது. 785 நானோமீட்டர் என்பது 12,739 செ.மீ⁻¹, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குள் அத்தனை அலைகள். ராமன் கோட்டின் எண், லேசரின் இந்த எண்ணிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பது. நமக்கு வேண்டிய கோடுகள் பெரும்பாலும் 1000 முதல் 1600 வரை, ஆகவே ராமன் ஒளி 852 முதல் 898 நானோமீட்டர் வரை வரும். அதாவது ஒரே பரப்பு 785-இலும் 898-இலும் வேலை செய்ய வேண்டும், நடுவில் 113 நானோமீட்டர் அகலம். 633 லேசருக்கு 1600 கோடு 704-இல் விழும். 532 லேசருக்கு 581 அல்லது 582-இல், அங்கே இடைவெளி 50 நானோமீட்டர்தான்.

அதனால்தான் மிகக் கூர்மையான ஒத்ததிர்வு இங்கே எப்போதும் வரம் இல்லை. பத்து நானோமீட்டர் அகலத்தில் ஊசி மாதிரி ஒரு ஒத்ததிர்வை லேசரில் வைத்தால் ராமன் ஒளிக்கு ஒன்றும் கிடைக்காது, நான்காம் அடுக்கு இரண்டாம் அடுக்காகச் சுருங்கிவிடும். ஒன்று அகலமான ஒத்ததிர்வு, இல்லையென்றால் இரண்டு ஒத்ததிர்வுகள், ஒன்று லேசரில், மற்றொன்று ராமன் கோட்டில்.

இன்னும் இரண்டு விஷயம். பரப்பின் மேல் மாதிரியை வைத்ததுமே ஒத்ததிர்வு சிவப்புப் பக்கம் நகரும், காற்றில் அளந்து வடிவமைத்துவிட்டுத் தண்ணீரில் பயன்படுத்தினால் தப்பிப் போகும். அப்புறம், தூரத்திலிருந்து அளக்கும் நிறமாலையின் உச்சமும் பரப்பை ஒட்டிய புலத்தின் உச்சமும் ஒரே இடத்தில் இராது, புலத்தின் உச்சம் கொஞ்சம் சிவப்புப் பக்கம் தள்ளி இருக்கும்.

தங்கமா, வெள்ளியா?

பெருக்கத்துக்கு வெள்ளி, நிம்மதிக்குத் தங்கம். வெள்ளியில் இழப்பு குறைவு, ஆனால் காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பட்டுக் கறுத்துப் போகும், இது வீட்டு வெள்ளிப் பாத்திரத்திலேயே எல்லோரும் பார்த்ததுதான். தங்கம் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால் 532 நானோமீட்டர் லேசருக்குத் தங்கம் எடுக்காதீர்கள், அந்த நிறத்தில் தங்கம் ஒளியைத் தானே விழுங்கிக்கொள்ளும். 633, 785 என்றால் தாராளமாக எடுக்கலாம். புற ஊதாவுக்கு அலுமினியம்.

தங்கம் கண்ணாடியில் ஒட்டாது என்று அடியில் குரோமியமோ டைட்டானியமோ இரண்டு மூன்று நானோமீட்டர் பூசுவது வழக்கம். அந்தச் சின்ன அடுக்கே பிளாஸ்மானைக் கணிசமாக அமுக்கிவிடும், குரோமியம் இன்னும் மோசம். கூடியவரை மெல்லிசாக வையுங்கள், முடிந்தால் ஒரு முனை கண்ணாடியையும் மறுமுனை (தயால் என்ற கந்தக முனை) தங்கத்தையும் பிடிக்கும் சிலேன் மூலக்கூறால் ஒட்டவையுங்கள்.

இடைவெளி குறைந்தால் நல்லதுதானே, எவ்வளவு குறைக்கலாம்?

ஒரு நானோமீட்டர் வரை நல்லது. அரை நானோமீட்டருக்குக் கீழே போனால் எலக்ட்ரான்கள் குவாண்டம் முறையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவ ஆரம்பிக்கும், புலம் ஏறுவது நின்று இறங்கத் தொடங்கும். அதற்கு முன்பே இன்னொரு நடைமுறைத் தடை இருக்கிறது, உங்கள் மூலக்கூறு அந்த இடுக்கில் நுழைய வேண்டும். சின்னச் சாயம் நுழையும், புரதம் நுழையாது.

இவற்றை எப்படிச் செய்கிறார்கள்?

கச்சிதம் வேண்டுமென்றால் எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி. ரெசிஸ்ட் என்ற, கற்றை பட்டால் கரையும் தன்மை மாறும் பூச்சின் மேல் ஒவ்வொரு அலகாக எழுதி, உலோகம் படியவைத்து, ரெசிஸ்டைக் கரைத்துத் தூக்குவது. மெதுவானது, விலையும் அதிகம், அரை மில்லிமீட்டர் சதுரம் எழுதவே இயந்திரத்தை நெடுநேரம் பிடித்துவைக்க வேண்டும். பத்து நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எடுப்பது இதிலும் சிரமம்.

மலிவான வழிகளும் உண்டு. வான் டைன் ஆய்வகம் 1990-களில் வளர்த்தெடுத்த நானோ உருண்டை லித்தோகிராஃபியில், பாலிஸ்டைரீன் உருண்டைகள் தாமாகவே நெருக்கி அடுக்கிக்கொள்ளும், அவற்றின் மேல் வெள்ளியைப் படியவைத்து உருண்டைகளை எடுத்துவிட்டால் இடுக்குகள் இருந்த இடத்தில் முக்கோணங்கள் மிஞ்சும். உருண்டையை எடுக்காமல் விட்டாலும் அதுவே நல்ல செர்ஸ் பரப்பு. நானோ முத்திரை முறையில் ஒரு அச்சு செய்துகொண்டு அதையே நூற்றுக்கணக்கில் பதிக்கலாம். ப்ளூ-ரே தட்டின் தடங்கள் 320 நானோமீட்டர் இடைவெளியில் இருப்பதால், பாதுகாப்பு அடுக்கை உரித்து வெள்ளி பூசி செர்ஸுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. மிகச் சிறிய இடைவெளிக்கு எனக்குப் பிடித்த உத்தி, தங்கத் தகட்டின் மேல் ஒற்றை அடுக்கு மூலக்கூறைப் படரவிட்டு அதன் மேல் தங்கத் துகளை வைப்பது. இடைவெளியின் அளவை மூலக்கூறின் நீளமே தீர்மானித்துவிடும்.

10¹⁴ மடங்கு பெருக்கம் என்று படித்தேனே, உண்மையா?

1997-இல் நீயும் எமரியும் ஒரு பக்கம், க்னைப் குழு இன்னொரு பக்கம், ஒற்றை மூலக்கூறின் ராமன் சிக்னலைப் பார்த்ததாக அறிவித்தபோது வந்த எண் அது. ஒற்றை மூலக்கூறைப் பார்த்தது உண்மை. ஆனால் எடுத்துக்கொண்டவை ரோடமின் 6ஜி, கிரிஸ்டல் வயலெட் போன்ற சாயங்கள், அவை தாமே ஒளியோடு ஒத்ததிர்ந்து ராமன் சிக்னலைப் பெரிதாக்கிக் கொடுப்பவை. அந்தப் பங்கைப் பிரித்துப் பார்த்தபின், 10⁷ அல்லது 10⁸ மடங்கு பெருக்கமே இப்படிப்பட்ட சாயங்களை ஒற்றை மூலக்கூறாகப் பார்க்கப் போதும் என்று லெ ரூ, எட்செகோயின் போன்றவர்கள் 2007-இல் காட்டினார்கள். மிகச் சிறந்த ஹாட் ஸ்பாட்டிலும் 10¹⁰, 10¹¹ தாண்டுவது அபூர்வம்.

பெருக்க எண்ணைக் கணக்கிடுவது எளிய வகுத்தல்தான்: பரப்பில் ஒரு மூலக்கூறுக்கு எவ்வளவு சிக்னல், பரப்பில்லாமல் ஒரு மூலக்கூறுக்கு எவ்வளவு. தில்லுமுல்லு எல்லாம் மூலக்கூறுகளை எண்ணுவதில் நடக்கும். ஹாட் ஸ்பாட்டில் இருப்பவற்றை மட்டும் எண்ணினால் எண் ஆயிரம் மடங்கு ஏறும், எல்லாவற்றையும் எண்ணினால் இறங்கும். இரண்டுமே நியாயம்தான், எதை எண்ணினோம் என்று சொல்லிவிட்டால். இன்னொரு அளவீடும் புழக்கத்தில் இருக்கிறது, மூலக்கூறு கணக்கே இல்லாமல் கரைசல் செறிவுகளை மட்டும் வகுப்பது. ஒரே பரப்பை வேறு வேறு ஆய்வகங்கள் ஒப்பிட அது உபயோகப்படும், மற்றபடி பெருமைக்கு.

பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி இருக்கிறதா என்று இதால் பார்க்கலாமா?

பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் ரோடமின் பி கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. இந்தச் சாயம் செர்ஸுக்குச் செல்லப்பிள்ளை. உலோகப் பரப்பில் நன்றாக ஒட்டும், ராமன் சிக்னலும் பெரிது, தொந்தரவு தரும் அதன் ஒளிர்வையும் உலோகம் அணைத்துவிடும். சர்க்கரை கிட்டத்தட்ட ஒட்டவே ஒட்டாது, அதனால் குறுக்கே வருவதும் குறைவு. உணவுச் சோதனைக்கு நல்ல செய்தி.

ஆனால் இதனாலேயே ஒரு புதுப் பரப்பின் திறமையை ரோடமினை வைத்து நிரூபிப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தப் பரப்பில் வைத்தாலும் ஏதாவது காட்டும். குளுக்கோஸை வைத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம். குளுக்கோஸின் ராமன் சிக்னல் சிறிது, வெள்ளியில் ஒட்டவும் ஒட்டாது, வான் டைன் குழு அதற்கென்றே பரப்பின் மேல் தயால் மூலக்கூறுகளால் ஒரு அடுக்கு போட்டு, அதற்குள் குளுக்கோஸைப் பிடித்துவைத்து அளக்க வேண்டியிருந்தது.

என் பரப்பில் சிக்னலே வரவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் சிலிக்கான் துண்டை வைத்து 520.7 செ.மீ⁻¹ கோடு சரியான இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். பாதி பிரச்சினை அங்கேயே தீரும். பிறகு குவியம். அப்புறம் ஒளியின் முனைவாக்கத் திசை, இரட்டைத் துகள் வரிசை என்றால் மின்புலம் இரண்டு துகளையும் இணைக்கும் கோட்டின் வழியே இருக்க வேண்டும், 90 டிகிரி திருப்பிவிட்டால் ஹாட் ஸ்பாட் அணைந்துவிடும். சொரசொரப்பான வெள்ளியில் பழகியவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

சொட்டு வைத்துக் காயவிட்டால் மூலக்கூறுகள் எல்லாம் விளிம்பில் வளையமாகப் போய்ச் சேரும், நீங்கள் நடுவில் அளந்துகொண்டிருப்பீர்கள். ஊறவைத்துக் கழுவுவது மேல்.

சிக்னல் வருகிறது, ஆனால் விசித்திரமான கோடுகள் தெரிகின்றன.

1350-க்கும் 1580-க்கும் பக்கத்தில் இரண்டு அகலமான மேடுகள் ஏறி இறங்கிக் குதித்துக்கொண்டிருந்தால் அது கரி. லேசரைக் குறையுங்கள். சாதாரண ராமனுக்குப் பழகியவர்கள் பத்து மில்லிவாட் அடிப்பார்கள், இங்கே நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு மில்லிவாட்டே பல சமயம் அதிகம்.

அமினோதயோபீனால் என்ற மூலக்கூறை வைத்திருந்து 1140, 1390, 1430 பக்கம் கோடுகள் வந்தால், உங்கள் மூலக்கூறு அங்கேயே இரண்டிரண்டாகச் சேர்ந்து அசோ சேர்மமாக மாறிவிட்டது என்று அர்த்தம். பிளாஸ்மானே வினையூக்கியாக வேலை செய்கிறது. பல வருடங்கள் இந்தக் கோடுகளை வேதிப் பெருக்கத்துக்குச் சான்று என்று எழுதிக்கொண்டிருந்தார்கள், 2010 வாக்கில்தான் குட்டு வெளிப்பட்டது.

ஒரு சில்லைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

தங்கம் என்றால் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் மெதுவாகச் சுத்தம் செய்து சில தடவை ஓட்டலாம். வெள்ளி என்றால் ஆக்ஸைடாகிவிடும், புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளக்க முடியுமா?

சீரான பரப்பு இருந்தால் முடியும், ஆனால் பரப்பை மட்டும் நம்ப வேண்டாம். அளக்கவேண்டிய மூலக்கூறின் ஐசோடோப்பு மாற்றிய வடிவத்தை (சில அணுக்கள் மட்டும் எடை வேறுபட்ட அதே தனிமம்) தெரிந்த அளவில் கலந்துவிடுங்கள். இரண்டும் பரப்பில் ஒரே மாதிரி ஒட்டும், கோடுகள் மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும். விகிதத்தை எடுத்தால் லேசர், குவியம், பரப்பு மூன்றின் ஏற்ற இறக்கமும் அடிபட்டுப் போகும். பரப்பு பற்றிய கட்டுரையைப் படிக்கும்போது உச்ச எண்ணுக்கு முன்னால், எத்தனை புள்ளிகளில் அளந்தார்கள், எத்தனை சில்லுகளில், புள்ளிக்குப் புள்ளி ஏற்ற இறக்கம் எத்தனை சதவீதம் என்று தேடுங்கள். ஒரே சில்லில் ஒரே மூலையில் பத்துப் புள்ளி என்றால் அது அளவீடே இல்லை.

லித்தோகிராஃபி வசதி இல்லாத கல்லூரியில் எங்கிருந்து ஆரம்பிப்பது?

லீயும் மெய்சலும் 1982-இல் சொன்ன வெள்ளிக் கூழ்மத்திலிருந்து, அதாவது தண்ணீரில் மிதக்கும் வெள்ளி நானோ துகள்களிலிருந்து. 500 மில்லி தண்ணீரில் 90 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட்டைக் கொதிக்கவைத்து, ஒரு சதவீத சோடியம் சிட்ரேட் 10 மில்லி சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பச்சை கலந்த மஞ்சளாக வரும். இதில் செர்ஸ் பார்த்து, சிக்னல் எப்படியெல்லாம் ஆட்டம் காட்டும் என்று பழகிக்கொண்டால் மெட்டாமெட்டீரியல் பரப்பு எதைத் தீர்க்கிறது என்பது தானாகவே புரியும்.

வடிவமைப்பைக் கணினியில் செய்ய எம்.ஐ.டி.யில் உருவான மீப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தங்கம், வெள்ளிக்கான ஒளியியல் எண்களுக்கு ஜான்சனும் கிறிஸ்டியும் 1972-இல் அளந்ததைத்தான் இன்றும் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். மென்பொருள் இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும். இரண்டு நானோமீட்டர் இடைவெளிக்கு ஐந்து நானோமீட்டர் கட்டம் போட்டு ஓட்டினால் வருவது வெறும் வண்ணப்படம், கட்டம் அரை நானோமீட்டரோ அதற்கும் சிறிதாகவோ இருக்க வேண்டும். அப்புறம், முனைகளை உருட்டிவிடுங்கள். கூரான மூலை வைத்தால் கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்கப் புலம் ஏறிக்கொண்டே போகும், அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எந்த இயந்திரமும் அவ்வளவு கூராக வெட்டித் தரப்போவதில்லை, ஐந்து நானோமீட்டர் ஆரம் வைத்து ஓட்டிப் பாருங்கள்.